பழையதற்குத் திரும்பிய பெட்டிகள்

அபிகாயிலுக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் மனசு ஆறாது. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். அங்கிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். மாவு மில்லில் கோதுமை கொடுத்தால் தன் கோதுமைதான் தன் பையில் மாவாக விழுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். ஞாயிறு ஆராதனையில் போதகர் வசன எண் சொன்னால், மனப்பாடமான வசனமாக இருந்தாலும் வேதாகமத்தைப் புரட்டிச் சரிபார்த்த பிறகுதான் தலை நிமிர்வாள். அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருக்கும் அவள் கணவன் கிங்ஸ்லி, "நான் உள்ள வரும்போது அடையாள அட்டைய காட்டணுமா?" என்று கேட்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

இந்தக் குணமே அவளுக்குச் சோறு போட்டது. திருத்தணியில் அரக்கோணம் போகும் ரோட்டில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில், தீனதயாளன் என்பவர் சின்னதாக ஒரு கம்பெனி நடத்திவந்தார். விசைத்தறிகளில் மாட்டும் பெட்டி ஒன்றைத் தயாரித்தார்கள். தறி எவ்வளவு ஓடியது, நூல் அறுந்து எப்போது நின்றது என்று அந்தப் பெட்டி தறிக்கொட்டகைக்காரரின் போனுக்குச் சொல்லும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் அபிகாயிலின் பொறுப்பு. வெளியூர் போய்ப் பெட்டிகளை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் பரந்தாமனின் பொறுப்பு. பரந்தாமன் நெசவுக் குடும்பத்துப் பையன், பாலிடெக்னிக் படித்தவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

பெட்டிக்குக் கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்ற சிறிய நிரல். பெரிய மென்பொருளைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. எதை எழுப்புவது, எங்கிருந்து எழுப்புவது, இந்தப் பெட்டியின் அடையாளம் என்ன என்பதையெல்லாம் தனக்கென்று ஒரு மூலையில் வைத்திருக்கும் மாறிகளைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பெயர், ஒரு மதிப்பு. அதில் ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டி விழிக்காது. அதுவரை பரந்தாமன் பெட்டியைத் திருகிக் கழற்றி, உள்ளே கேபிள் சொருகி, கரண்ட் கொடுத்த அந்தக் கண நேரத்தில் ஒரு விசையைத் தட்டிப் பூட்லோடரை நிறுத்தி, அந்த மாறிகளைக் கையால் அடித்து மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். பெட்டி பிணம் மாதிரி ஆபீசுக்குத் திரும்பி வந்தது.

"இதுக்கு ஒரு டூல் எழுதிடும்மா," என்றார் தீனதயாளன். "பொட்டியத் தொறக்காம, லேப்டாப்ல இருந்தே ஒரு கமாண்டு அடிச்சா மாறணும்."

அபிகாயில் எழுதினாள். அதற்குச் சாவி என்று பெயர் வைத்தாள். கறுப்புத் திரையில் சாவி என்று அடித்து, மாறியின் பெயரையும் புது மதிப்பையும் கொடுத்தால் போதும். ஆனால் அவள் எழுதிய டூல் அவளைப் போலவே இருந்தது. தெரியாத பெயரைக் கொடுத்தால் ஏற்காது. பழைய மதிப்பையும் புது மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, நிச்சயமா என்று கேட்கும். மாறிகளை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொண்டு, ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டு மற்றதில் எழுதும். நடுவில் கரண்ட் போனாலும் ஒன்றாவது பிழைத்திருக்கும். எழுதி முடித்ததும் தான் எழுதியதைத் தானே மறுபடி படித்துப் பார்த்து, ஒத்துப்போனால்தான் முடிந்தது என்று சொல்லும்.

"இது கேக்கற கேள்விக்கு பொண்ணு பாக்க வந்தவங்களே பரவால்லக்கா," என்றான் பரந்தாமன்.

"தப்பா எழுதறத விட கேக்கறது மேல்."

"சரி, எல்லா மாறியையும் ஏன் காட்ட மாட்டேங்குது? நாலஞ்சுதான் தெரியுது. மீதி?"

"உனக்கு வேண்டியது அந்த நாலஞ்சுதான்."

"காட்னா இன்னாக்கா? பாத்துட்டுப் போறேன்."

அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். வெளியே போகிறவர்கள் கை வைக்கக் கூடாத மாறிகளைக் கண்ணிலேயே காட்டாமல் மறைத்துவிடுவது பாதுகாப்பு என்பது அவள் எண்ணம். ஆனால் அவன் கேட்ட விதம் அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. பார்த்துவிட்டுப் போகிறவன் எதற்காகப் பார்க்க வேண்டும்?

கோடை முடிகிற சமயத்தில் புது மென்பொருள் வந்தது. தறி நின்ற ஒவ்வொரு தடவையையும், எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் அது விடாமல் சொல்லும். பழையது அவ்வளவு கறாராக இருந்ததில்லை. பெட்டிக்குள் புதியது, பழையது இரண்டுமே இருக்கும். எதை எழுப்புவது என்பதை ஒரு மாறி தீர்மானிக்கும். பரந்தாமன் ஊர் ஊராகப் போய்ச் சாவியை ஓட்டி, எல்லாப் பெட்டிகளையும் புதியதற்கு மாற்றிவிட்டு வந்தான்.

கொஞ்ச நாளில் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெட்டிகள் பழையதற்குத் திரும்ப ஆரம்பித்தன.

எல்லாம் அல்ல. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. பரந்தாமன் போய் மறுபடி மாற்றுவான். அடுத்த வாரம் வேறு ஒன்று திரும்பியிருக்கும். திருத்தணிக்குள்ளும் அரக்கோணத்திலும் மாட்டிய பெட்டிகள் ஒன்றும் ஆகாமல் ஓடின. அதிகமாகத் திரும்பியது ஞானம்மாளின் கொட்டகையில். ஞானம்மாள் பரந்தாமனுக்கு அத்தை முறை.

தீனதயாளன் அபிகாயிலைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"தறி நிக்கறது தெரியக் கூடாதுன்னு ஓட்றவங்க நெனைப்பாங்க இல்ல? யாரனா ஒருத்தன் அவங்களுக்காகப் பழசுக்கு மாத்திவிட்டுகினு இருக்கான். அங்க போயி வர்றது யாரு?"

இதே நினைப்பு அபிகாயிலுக்கும் முன்பே வந்துவிட்டிருந்தது.

"டூல் உள்ள ஒண்ணு வைம்மா. யாரு எப்ப இன்னா மாத்தனாங்கன்னு நமக்கு மட்டும் தெரியற மாதிரி. அவனுக்குத் தெரிய வேணாம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் சாவிக்குள் ஒரு ரகசியக் காதை வைத்தாள். யார் சாவியை ஓட்டினாலும் அது சத்தமில்லாமல் ஆபீசுக்கு ஒரு வரி அனுப்பும். அதோடு நிற்கவில்லை. அடுத்த முறை ஆர்.கே.பேட்டையில் மாட்டப் போகவிருந்த புதுப் பெட்டிகளின் திருகாணித் தலைகள் மேல் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நகப்பூச்சை ஒவ்வொரு சொட்டு வைத்தாள். யாராவது திருகினால் பூச்சு உடையும்.

அதன் பிறகு பரந்தாமன் செய்வதெல்லாம் அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. மாடிப்படியில் நின்று போனில் தெலுங்கில் பேசுவான். அவள் வந்தால் குரலைத் தாழ்த்துவான். வேலை இல்லாத ஒரு நாளில் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் அவனைப் பார்த்ததாக உரக்கடைக்காரர் சொன்னார். "அத்த வூட்ல பூசக்கா," என்றான் கேட்டதற்கு. என்ன பூசை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று நினைத்தாள். டீ வாங்கி வந்து அவள் மேசையில் வைக்கும்போது திரையை எட்டிப் பார்க்கிறானோ என்று லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வாள்.

ரகசியக் காது ஒன்றையும் கொண்டுவரவில்லை. பெட்டிகள் திரும்பிக்கொண்டே இருந்தன. ஆனால் பழையதற்கு மாற்றச் சொல்லிச் சாவியை யாரும் ஓட்டியதாக ஒரு வரிகூட வரவில்லை. குற்றம் இல்லை என்பதற்கு அது அடையாளமாக இருந்திருக்கலாம். அபிகாயிலுக்கு அது கெட்டிக்காரத்தனத்தின் அடையாளமாகப் பட்டது. சாவியை ஓட்டாமல் பழையபடி கேபிள் சொருகிக் கையால் மாற்றுகிறான், அவனுக்குத்தான் அது கைவந்த வேலையாயிற்றே, என்று தீனதயாளனிடம் சொன்னாள்.

அவர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை எல்லோரும் வேலையில் இருக்கும்போதே பரந்தாமனைக் கூப்பிட்டார்.

"இனிமே ஆர்.கே.பேட்டைக்கு நீ போவ வேணாம். லேப்டாப்ப வெச்சுட்டுப் போ."

"ஏன் சார்?"

"உனக்கே தெரியும்."

பரந்தாமன் தீனதயாளனைப் பார்க்கவில்லை. அபிகாயிலைப் பார்த்தான். அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். அவன் லேப்டாப்பை அவள் மேசையில் வைத்துவிட்டு, அதன் சார்ஜரையும் பையிலிருந்து எடுத்து, வயரை ஒழுங்காகச் சுற்றி, பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் இதைக் கிங்ஸ்லியிடம் சொன்னாள். திருடனைப் பிடித்துவிட்டவள் மாதிரி சொல்லத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"அவன் கேபிள் சொருகனத யாரு பார்த்தது?" என்றான் கிங்ஸ்லி.

"யாரும் பாக்கல. ஆனா வேற வழியே இல்ல."

கிங்ஸ்லி ரசத்தை ஊற்றிக்கொண்டான். "உங்க அப்பாவ பார்சல் ஆபீஸ்ல நிறுத்தன அன்னிக்கும் இதத்தான சொன்னாங்க? வேற வழியே இல்லன்னு."

அபிகாயிலின் அப்பா யோபு ஒரு லாரி பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு பட்டுச்சேலைக் கட்டு காணாமல் போனது. அவர்தான் எடுத்தார் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் கட்டு வேறு ஊர்க் கிடங்கில் தவறுதலாக இறங்கிக் கிடந்தது பிறகு தெரிந்தது. ஆனால் அதை அவரிடம் வந்து சொன்னவர் யாரும் இல்லை. யாரோ சொல்லி யாரோ கேட்டு வந்து சேர்ந்த செய்தி அது. அப்பா வேறு வேலைக்குப் போனார். கடைசிவரை அந்தத் தெரு வழியாக மட்டும் நடக்க மாட்டார். யாரையும் நம்பக் கூடாது என்பதைத்தான் அபிகாயில் அதிலிருந்து கற்றுக்கொண்டாள். வேறு ஒன்றையும் கற்றிருக்கலாம் என்று அந்த இரவுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள்.

அந்த வாரமே அவள் ஆர்.கே.பேட்டைக்குக் கிளம்பினாள். பரந்தாமன் மேல் இரக்கப்பட்டுப் போகவில்லை. தன் பக்கம்தான் நியாயம் என்று காட்ட ஒரு சாட்சி வேண்டியிருந்தது. ஆடிக் கிருத்திகை நெருங்கியிருந்ததால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் காவடியும் மஞ்சள் துணியுமாக இருந்தது. எதிர்த்திசைக் கூட்டத்தில் இடிபட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு வழியாக டவுன் பஸ் ஏறினாள்.

ஞானம்மாள் அவளை வாசலிலேயே நிறுத்தினாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; கை முழுக்கப் பஞ்சுத் தூசு.

"பரந்தாமன் வரலியா?"

"அவரு வேற வேலையா போயிருக்காரு."

"அப்படியா," என்றாள் ஞானம்மாள். அந்த 'அப்படியா'விலேயே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்தது. "உள்ள வாங்க. பாருங்க. உங்க திருடன் இங்க கெடைக்கறானான்னு நாங்களும் பாத்துகினு இருக்கோம்."

கொட்டகைக்குள் தறிகள் தடதடவென்று ஓடின. அபிகாயில் லேப்டாப்பைத் திறந்து சாவியை ஓட்டினாள். சுவரோரத் தறியில் புதிதாக மாட்டிய பெட்டி பழையதற்குத் திரும்பியிருந்தது. போன் விளக்கைப் போட்டுத் திருகாணிகளைப் பார்த்தாள். சிவப்புப் பூச்சு உடையவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அவள் வைத்த சொட்டேதான். மற்ற மூன்று திருகாணிகளிலும் அப்படியே இருந்தது.

பெட்டியைத் திறக்காமல் கேபிள் சொருக முடியாது. சாவியையும் யாரும் ஓட்டவில்லை. அப்படியானால் யார்?

மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான் என்று முதலில் அவள் மனம் ஓடியது. தறி ஓட்டுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் பெட்டியைப் புதியதற்கு மாற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அதன் எதிரிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டாள். யார் கை வைக்கிறார்கள் பார்த்துவிடலாம் என்று இருந்தாள். ஞானம்மாள் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். அபிகாயில் கண்ணை எடுக்காமல் வாங்கினாள்.

மதியத்துக்கு மேல் காற்று எழும்பியது. கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. கொஞ்ச நேரத்தில் வந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முழுவதும் விழித்த பிறகுதான் பச்சை எரியும். பச்சை வருவதற்குள் மறுபடி போனது. வந்தது. போனது. ஞானம்மாள் மெயின் சுவிட்சின் பக்கத்தில் நின்று, "இருங்கடா, நெலயா வரட்டும்," என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை வந்து, இன்னொரு முறை போய், கடைசியில் நிலையாக நின்றது. பச்சை எரிந்தது.

அபிகாயில் சாவியை ஓட்டினாள். பெட்டி பழையதற்குத் திரும்பியிருந்தது.

யாரும் கிட்டே வரவில்லை. அவள் இமைத்திருக்கலாம், அவ்வளவுதான். சாவி மறைக்கும் மாறிகளைப் பார்க்கத் தனக்கென்று மட்டும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அதைத் திறந்தாள். அங்கே இருந்தது, எழுப்பும் முயற்சிகளின் எண்ணிக்கை.

புது மென்பொருளில் ஏதாவது கோளாறு இருந்து பெட்டி விழிக்கவே முடியாமல் போனால் என்ன செய்வது என்று பயந்து, அவளே வைத்த காவல் அது. பூட்லோடர் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். பெட்டி முழுவதும் விழித்ததும் அது அழிந்துவிடும். மூன்று முறை எழுப்பியும் விழிக்காவிட்டால், புதியது கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் பூட்லோடர் தானே அந்த மாறியைப் பழையதற்கு மாற்றிவிடும். இங்கே புதியதில் ஒரு கோளாறும் இல்லை. விழிப்பதற்குள் கரண்ட் போய்ப் போய் வந்தது, அவ்வளவுதான். திருத்தணியிலும் அரக்கோணத்திலும் மாட்டிய இடங்களில் பேட்டரி இருந்தது. இங்கே இல்லை.

பரந்தாமன் எல்லா மாறிகளையும் காட்டச் சொன்னான். காட்டியிருந்தால் அந்த எண் ஏறுவது முதல் வாரமே அவன் கண்ணில் பட்டிருக்கும்.

"கெடச்சாங்களா?" என்றாள் ஞானம்மாள்.

"ஆங்," என்றாள் அபிகாயில். "யாரும் இல்லமா. பொட்டியே மாத்திகினு இருந்திருக்கு. தப்பு எங்களுது."

ஞானம்மாள் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "அத்த எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றுவிட்டுத் தறிப் பக்கம் போனாள்.

தீனதயாளன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "சரி, நல்லதாப் போச்சு. சரி பண்ணிடு. அவன்கிட்ட இதெல்லாம் எதுக்கு சொல்லிகினு? நானே கூப்ட்டு, வேலைக்கு வாடான்னு சொல்லிக்கிறேன்."

"இல்ல சார். நான் போய்ச் சொல்றேன்."

"காது வெச்சதையுமா?"

"அதையும்தான்."

அவர் முகம் மாறியது. கம்பெனி விஷயம் வெளியே போகக் கூடாது என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தடுக்கவில்லை.

பரந்தாமன் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவன் வாசலில் மோட்டார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள்: எண்ணிக்கை, கரண்ட், தான் மறைத்துவைத்த மாறி, ரகசியக் காது, அதை வைத்தவள் தான்தான் என்பது. நகப்பூச்சையும் சொன்னாள்.

அவன் துடைப்பதை நிறுத்தினான். "நெயில் பாலிஷா?"

"ஆங்."

"நான் பாத்தேன். பெயின்ட் சிந்தி இருக்குதுன்னு நெனச்சேன்." பைக்கின் கண்ணாடியைச் சரிசெய்தான். "நான் போன்ல பேசறத கூட நீங்க கவனிச்சிகினுதான் இருந்தீங்க, இல்ல?"

அவள் ஒப்புக்கொண்டாள்.

"புத்தூர்ல, தெலுங்குக்காரர் கம்பெனி ஒண்ணுல வேலைக்குப் பேசிகினு இருந்தேன். உங்கள எல்லாம் விட்டுட்டுப் போறமேன்னு கஷ்டமா இருந்திச்சு. அதான் மறைவா பேசனேன்." சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தான். "நீங்க கண்டுபிடிச்சது பூரா தப்பு இல்ல மேடம்."

அக்கா என்று அவன் கூப்பிடவில்லை என்பது அவள் திரும்பி நடந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் டூலை முதலிலிருந்து எழுதினாள். ரகசியக் காதைப் பிடுங்கிப் போட்டாள். எல்லா மாறிகளும் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். ஆபத்தான மாறிகளை மாற்றப் போனால் மட்டும் சாவி எச்சரிக்கும். ஒரு மாறியைக் கடைசியாக மாற்றியது ஆளா, பூட்லோடரா என்பதையும் அது திரையிலேயே காட்டும். பூட்லோடரிலும் திருத்தினாள். கரண்ட் போய் வந்து தொடங்குவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். விழிக்கும் வழியில் சிக்கிக்கொண்டு பெட்டி தானே மறுபடி தொடங்கினால் மட்டும் எண்ணு என்று அதற்குச் சொல்லிவைத்தாள். எந்தத் தொடக்கம் எதனால் வந்தது என்று பெட்டிக்குள் இருக்கும் சிப்பே குறித்து வைத்திருக்கும். அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்பு அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை பரந்தாமன் வேலைக்கு வந்தான். தீனதயாளன் ஒன்றுமே நடக்காத மாதிரி டீ வாங்கி வரச் சொன்னார். அவன் போகவில்லை, வேறு ஒருவர் போனார். புத்தூர் வேலை என்ன ஆயிற்று என்று அபிகாயில் கேட்கவில்லை. புதிய சாவியை அவன் லேப்டாப்பில் ஏற்றித் தரப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"மொதல்ல நீங்க எழுதன கோட காட்டுங்க மேடம். படிச்சிட்டு நானே ஏத்திக்கிறேன்."

அவள் காட்டினாள். அவன் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். புரியாத இடத்தில் நின்றான். "இது எங்கயோ இன்னாத்தையோ அனுப்புதே?"

"அது வெளிய அனுப்பல. ரெண்டாவது பிரதிக்கு எழுதுது."

"அப்படியா?"

"ஆங்."

அவன் தலையை அசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த வரியின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போனான். இரண்டு நாள் படித்தான். பிறகு உதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து அவள் மேசையில் வைத்து, புதியதற்கு மாற்றி, பிளக்கைப் பிடுங்கினான். சொருகினான். பச்சை வருவதற்குள் மறுபடி பிடுங்கினான். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொருகினான்.